மிக்ஸியில் அரைத்த ஒரு வருஷம்

வாயில் கான்சர் வந்த வீட்டில் நாள் முழுக்க ஓடும் பேச்சு சாப்பாட்டைப் பற்றியதுதான். எவ்வளவு உள்ளே போச்சு, எது எரிந்தது, எது திரும்பி வந்தது, நாளைக்கு எதை அரைக்கலாம். உயிர், பணம், எத்தனை சதவீதம் என்கிற கேள்வியெல்லாம் டாக்டர் அறையில் வரும், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி அடுப்படி. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துக்கு ஒரு பக்கம் இருந்தது, சாப்பாட்டுக்கு ஒரே வரிதான், அதுவும் 'மென்மையான உணவு' என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நாங்கள் என்ன பாடுபட்டோம் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. இதே நிலைமையில் இருக்கிற யாராவது தேடினால் கிடைக்கட்டும்.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் மளிகைக் கடை. பெரிய கடை இல்லை, தெருமுனைக் கடை. காலையில் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டு உட்கார்ந்தார் என்றால் ராத்திரி பத்து வரை அந்த நாற்காலிதான். கல்லாவுக்கு இடது பக்கம் ஒரு தகர டப்பா இருக்கும், அதில் ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை, சுண்ணாம்பு, சீவல், புகையிலை. விற்பதும் அவர்தான், போடுவதும் அவர்தான். காலைக் காபிக்குப் பிறகு தொடங்கினால் நடுவில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான் வாய்க்கு ஓய்வு. அதுவும் எப்போதும் இடது கன்னத்தில்தான் அடக்குவார். சரக்கு எடுத்துக் கொடுக்கும்போதும், கணக்குச் சொல்லும்போதும் இடது கன்னம் லேசாகப் புடைத்தே இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது அப்பாவின் முக அமைப்பு என்றுதான் நினைப்பு.

முதலில் காரம் எரிந்தது. அம்மா வைக்கிற ரசத்தில் மிளகு தூக்கல் என்று சண்டை. அடுத்து கோழிக் குழம்பு எரிந்தது, கொஞ்ச நாளில் வெறும் ஊறுகாயைத் தொட்டாலே கண்ணில் தண்ணீர். "உன் கைக்கு என்ன ஆச்சு, மிளகாயைக் கொட்டி வச்சிருக்க" என்று அம்மாவைத் திட்டுவார், அம்மாவும் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தாள். வாய் முழுசாகத் திறக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது அவர் தலைமுடி வெட்டிக்கொள்கிற கடைக்காரர்தானாம். சவரம் செய்யும்போது கன்னத்தை உப்பச் சொன்னால் முடியவில்லை. இதற்கெல்லாம் காரணம் பாக்கு. புகையிலை கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும், பாக்கை மட்டும் ஏதோ சாமிப் பொருள் மாதிரி தள்ளிவைத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கைத் தனியாக, புகையிலை சேராமலே, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. வாய்க்குள் தோலுக்கு அடியில் நார் நாராக இறுகிப்போய், காரம் எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது பாக்கின் வேலை. அது கான்சருக்கு முந்தைய படி. அந்தப் படியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன்.

புண் வந்தபோது அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. உடைந்த கடைவாய்ப் பல் குத்துகிறது, அதனால் புண். மெடிக்கலில் ஜெல் வாங்கித் தடவினார், பி-காம்ப்ளெக்ஸ் போட்டார், மணத்தக்காளிக் கீரை தினமும் வெந்தது. புண் ஆறவில்லை, ஆனால் வலிக்கவும் இல்லை. வலிக்காததுதான் வினை. கடைசியில் அந்தப் பல்லைப் பிடுங்கலாம் என்று ஊரிலிருந்த சின்னப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. டார்ச் அடித்துப் பார்த்தவர் பல்லில் கையே வைக்கவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும், நாளைக்கே மதுரைக்குப் போங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபீஸும் வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வருஷா வருஷம் எங்கள் வீட்டிலிருந்து பொங்கலுக்குக் கரும்பு போகிறது.

பயாப்ஸி முடிவு வந்த அன்றைக்கே சொந்தம் முழுக்கக் கூடிவிட்டது. சித்தப்பா பிடித்த பிடி ஒன்றுதான்: "கத்தி படக்கூடாது. கத்தி பட்டா பரவிரும்." இந்த ஒரு வாக்கியத்தால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று யோசித்தால் கோபம்தான் வருகிறது. ஒருவர் முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார், இன்னொருவர் கேரளாவில் ஒரு வைத்தியரின் விலாசத்தை எழுதிக்கொண்டே வந்துவிட்டார். சர்ஜன் இதற்குப் பழகியவர் போல, கோபப்படாமல் பதில் சொன்னார். ஆபரேஷன் செய்ததால் பரவுவதில்லை, முற்றிப் பரவின பிறகு ஆபரேஷனுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு கிளம்பியது என்றார். சித்தப்பா தலையை ஆட்டினார். ஆனால் வெளியே வந்ததும் அடுத்த பேச்சு, "எதுக்கும் அடையாறுக்கு ஒரு தடவை போயிரலாம்" என்று.

அடையாறு என்றால் நம் ஊரில் கான்சருக்கு மறுபெயர். 1923-ல் தன் தங்கை கான்சரில் இறந்ததைப் பார்த்த முத்துலட்சுமி ரெட்டி, முப்பது வருஷம் விடாமல் நின்று 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய கான்சர் ஆஸ்பத்திரி. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்தப் பெயர் மேல் சித்தப்பாவுக்கு இருந்த நம்பிக்கையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஆபரேஷனோடு முடியாது, பின்னால் ஆறு வாரம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். சென்னையில் எங்களுக்குத் தங்க இடம் இல்லை. மதுரையில் என் வீடு இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம்தான் எங்களுக்காக முடிவெடுத்தது, அது நல்ல முடிவாகவே அமைந்தது.

அப்பா ஒரு கேள்வி மட்டும் கேட்டார். சர்ஜன் கன்னத்தோடு கழுத்தையும் திறந்து நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுக்கவேண்டும் என்றபோது, "ஸ்கேன்ல கழுத்துல ஒண்ணும் இல்லைன்னுதான சார் சொன்னீங்க, அப்புறம் எதுக்கு அங்க வெட்டணும்?" என்றார். வியாபாரி கேட்கிற கேள்வி. வாங்காத சரக்குக்கு எதற்குப் பில். டாக்டர் அதற்கு மும்பை டாடா மருத்துவமனை ஆய்வைச் சொன்னார். டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் 2015-ல் வெளியிட்டது: கழுத்தில் எதுவும் தெரியாத வாய்ப்புற்று நோயாளிகள் சுமார் 500 பேரில், முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நெறிகளை எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். அப்பா கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். "நூத்துக்குப் பன்னெண்டு பேர் அதிகம். சரி, வெட்டிருங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு வந்த ரிப்போர்ட்டில், எடுத்த நெறிகளில் ஒன்றில் நோய் இருந்தது. ஸ்கேனில் தெரியாத அளவு.

ஆபரேஷன் காலையில் தொடங்கி இருட்டிய பிறகுதான் முடிந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம், கீழ்த்தாடை எலும்பின் மேல் விளிம்பு, அதிலிருந்த பற்கள், கழுத்து நெறிகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கன்னத்தில் ஆன பள்ளத்துக்கு இடது முன்னங்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து, அந்தக் குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்திருந்தார்கள். கையில் ஆன பள்ளத்துக்குத் தொடையிலிருந்து தோல். ஒட்டிய சதை உயிரோடு இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து நிறம் பார்ப்பார், சமயத்தில் ஊசியால் லேசாகக் குத்துவார். சிவப்பு ரத்தம் வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மூச்சுக்குத் தொண்டையில் ஓட்டை போட்டிருந்ததால் அப்பாவால் பேச முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தோம். முதலில் எழுதியது, "கடை திறந்தாச்சா?" அடுத்தது, எண்ணெய்க் கம்பெனிக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, பாதிப் பக்கம் பற்றுவரவுக் கணக்கு.

இனி மூக்கு டியூப். இதை யாரும் முன்னாலேயே விளக்கிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூக்கு வழியாக இரைப்பை வரை போகிற குழாய் அது. இரண்டு மணிக்கொரு தடவை சுமார் 200 மில்லி. பெரிய சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, குழாயில் மாட்டி உயர்த்திப் பிடித்து ஊற்றவேண்டும், தானாக இறங்கவேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது. ஊற்றும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்து அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது. கொடுப்பதற்கு முன்னாலும் பின்னாலும் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாத்திரையை நுணுக்குவதற்குத் தனி உரல். எதை அரைத்தாலும் வடிகட்டவேண்டும், முருங்கைக்கீரை நார் ஒன்று போதும் குழாயை அடைக்க.

அம்மா தினமும் அரைத்தது: வேகவைத்த பருப்பு, காரட், குழைந்த சாதம், அவித்த முட்டை, நெய், கேழ்வரகுக் கூழ், பால். எல்லாம் வடிகட்டி, இளஞ்சூட்டில். ஒரு நாள் நான் போனபோது அந்தப் பருப்புச் சாறுக்கு அம்மா கடுகு, சீரகம், பெருங்காயம் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள். மூக்கு வழியாக நேராக வயிற்றுக்குப் போகிறதற்கு எதற்கும்மா தாளிப்பு என்று கேட்டேன், எப்படியும் வடிகட்டப் போகிறாய். "வாசம் அவருக்கு வருதுல்ல" என்றாள். கொடுக்கிறதுக்கு முன்னால் பாத்திரத்தை அவர் முகத்துக்கு அருகில் கொண்டுபோய், இது சாம்பார், இது பால் பாயசம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவாள். தொண்டை ஓட்டை வழியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த வரை அவருக்கு வாசம் சரியாகத் தெரிந்திருக்காது, ஓட்டையை மூடிய பிறகுதான் தெரிந்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நர்ஸ்கள் சிரித்தார்கள், என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் தாளிப்புச் சத்தம் கேட்டால் அப்பா படுக்கையில் தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குச் சிரிக்க முடியாது.

காயம் ஆறியதும் கரண்டு. நெறியில் நோய் இருந்ததால் 30 தடவை என்றார்கள், வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு. அதற்கு முன்னால் மிச்சமிருந்ததில் சொத்தையான பற்களையும் பிடுங்கினார்கள், கரண்டு வைத்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகிற ஆபத்து உண்டாம். அடுத்து முகமூடி. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, ஆறினதும் முகத்தின் அச்சாகவே எடுக்கிறார்கள். தினமும் அதை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை அசையக்கூடாது. கரண்டு என்னவோ சில நிமிஷம்தான். வலியும் இல்லை, சூடும் இல்லை. "இதுக்கா இவ்வளவு பயந்தோம்" என்றார் அப்பா முதல் வாரம்.

அந்த ஆறு வாரமும் என் வீட்டில்தான். இதில் கரண்டைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது: மாப்பிள்ளை வீட்டில் போய் இத்தனை நாள் தங்குவதா? எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. வருவார், பழம் கொடுப்பார், காபி குடிப்பார், கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இப்போது டியூபும் சளியுமாக ஹாலில் கட்டில் போட்டுப் படுக்கவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த கூச்சத்தை நோய் பற்றிய பயத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். என் வீட்டுக்காரர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. முதல் நாளே, "மாமா, எனக்குச் சிரிஞ்சு பிடிக்கக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க, ராத்திரி பதினொரு மணி டர்ன் என்னோடது" என்றார். அவ்வளவுதான். அப்பா நோட்டில் எதையோ எழுதப்போய், எழுதாமல் மூடிவைத்துவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் கரண்டு வேலையைக் காட்டியது. வாய்க்குள் தோல் முழுக்க வெந்து வெள்ளையாக உரிந்தது. எச்சில் நூல் நூலாகக் கெட்டியானது, துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. சோப்பு கூடாது, ரேசர் கூடாது, காலர் சட்டை கூடாது. வீட்டில் நாங்கள் செய்ய முடிந்த ஒரே வைத்தியம் உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரில் இரண்டு மணிக்கொரு தடவை வாய் கொப்பளிக்க வைப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், அதுதான் காப்பாற்றியது. மரத்துப்போக ஒரு ஜெல், வலி தாங்காத நாளுக்கு மார்ஃபின் மாத்திரை. மார்ஃபின் என்றதும் பயந்து கொடுக்காமல் இருக்காதீர்கள். அது டாக்டர் அளந்து கொடுப்பது. வலியோடு கிடந்தால் சாப்பாடு உள்ளே போகாது, எடை குறைந்தால் முகமூடி லொடலொடவென்று ஆகிவிடும், மறுபடி அச்சு எடுக்கவேண்டும், கரண்டு தள்ளிப்போகும். தள்ளிப்போகக்கூடாது என்பதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் மேலான சட்டம்.

கரண்டு வைக்கிற இடத்துக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்ச் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, தேனி என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், பாதிப் பேர் மூக்கில் டியூப். எங்கள் படிப்பு அங்கேதான் நடந்தது. நோயாளிகள் பேச முடியாது, கூட வந்த பெண்கள் பேசுவார்கள். டீ வடிகட்டியைவிட வெள்ளை வேட்டித் துணி நல்லது என்று ஒரு அம்மா சொன்னார். மீனை முள்ளில்லாமல் வேகவைத்து அரைத்து வடிகட்டினால் டியூபில் இறங்கும் என்று இன்னொருவர். வெறும் கஞ்சித் தண்ணியாக ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது, முட்டையை விடாதே என்று எங்களை அதட்டியவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அதே பெஞ்சில் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பையன் அவன் அக்காவோடு வருவான், பாக்கெட் சரக்கைப் பள்ளிக்கூட நாளிலிருந்து உதட்டுக்குள் அடக்கியவன். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடை. அவன் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எங்கே கிடைத்தது என்று அப்பா கேட்கவே இல்லை. கடை வைத்திருப்பவருக்கு அது தெரியாதா.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆபரேஷனிலும் கரண்டிலும் பெரும்பகுதி அதில் போய்விட்டது. போகாதது புரோட்டீன் பவுடர், ஆட்டோ, மூடிக்கிடந்த நாளின் கடை வியாபாரம். தம்பி வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தான். அவன் இழந்ததற்குக் கணக்கு எந்த அட்டையிலும் இல்லை.

கடைசி நாள் கரண்டு முடிந்ததும் டெக்னீஷியன்கள் கைதட்டினார்கள், முகமூடியை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள், சொந்தக்காரர்கள் போனில் "முடிஞ்சிருச்சுல்ல, இனி என்ன" என்றார்கள். உண்மையில் அதற்குப் பிந்தைய இரண்டு வாரம்தான் உச்சம். கரண்டு நின்ற பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும், இதை டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தும் எங்களால் நம்ப முடியவில்லை. புண் ஆறி டியூபை எடுத்தபோது அடுத்த அதிர்ச்சி: ருசி இல்லை. எதை வாயில் வைத்தாலும் ஈர மண் என்றார். தண்ணீரே கசந்தது. முப்பது வருஷமாகக் கடலைப் பருப்பை ஒன்றை எடுத்துக் கடித்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்றாகிப்போனது.

அந்த மாதங்களில் வீட்டில் நடந்ததையெல்லாம் அழகாக எழுத முடியாது. தட்டைத் தள்ளிவிடுவார். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுத்தால் "நாய்க்கு வை" என்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் வேறொன்று செய்துகொண்டு வருவாள், அதையும் தள்ளுவார். அம்மா தானும் காரம், பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து அதே குழைந்த சாதத்தைச் சாப்பிட்டாள். ஊரே அதைப் பெரிதாகப் பேசியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோயாளியோடு சேர்ந்து பட்டினி கிடப்பதைப் பதிவிரதைத்தனம் என்று கொண்டாடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, விளைவு என்னவென்றால் பார்த்துக்கொள்கிறவளும் படுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு ரத்தம் குறைந்து மயங்கி விழுந்த பிறகு அப்பாவே சண்டை போட்டார், "நீ மீன் வறு, நான் வாசம் பிடிச்சிக்கிறேன்" என்று. அன்றைக்கு அவர் கோபத்தில் ஒரு தெளிவு இருந்தது.

ருசி திரும்பியது ஒரே நாளில் இல்லை. முதலில் புளிப்பு, மோரில் தெரிந்தது. உப்பு வந்தது, இனிப்பு ரொம்ப நாள் வரவே இல்லை. ஒரு வருஷம் ஆகலாம் என்றார்கள், ஏறக்குறைய அப்படித்தான் ஆனது. எச்சில் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் இன்றைக்கும் அவர் எங்கும் போகமாட்டார், சோற்றில் ரசமோ மோரோ நிறைய வேண்டும், சப்பாத்தி, பரோட்டா, பொட்டுக்கடலை எல்லாம் பகை. வாய் திறப்பதற்குப் பயிற்சி உண்டு, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து ஒவ்வொரு குச்சியாகக் கூட்டுவது. முழு அளவு என்றால் மூன்று விரல் போகவேண்டும், அப்பாவுக்கு இரண்டு விரல் போகிறது. அதற்குத் தக்கபடி அம்மா தோசையைச் சின்னதாக, மெத்தென்று ஊற்றுகிறாள், பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் இப்போது 'தாத்தா தோசை'. இன்னொரு கூத்து, கையிலிருந்து எடுத்து வைத்த தோலில் முடி முளைத்தது. கரண்டு பெரும்பாலும் அழித்துவிட்டது, ஓரத்தில் மட்டும் சில மிச்சம். "கன்னத்துக்கு உள்ளேயும் மீசை வச்ச ஒரே ஆளு நான்தான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சு குழறும், போனில் புரியாது, நேரில் புரிந்துகொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. வேறு கான்சர் வந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் "பாவம்" என்பார்கள். வாயில் வந்தால் "பழக்கம் இருந்துச்சோ?" என்பார்கள். இருந்தது, யார் இல்லையென்றது. கல்யாணத்தில் தட்டில் வைத்து நீட்டியதும், காதுகுத்தில் பையில் போட்டுக் கொடுத்ததும், வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை என்றதும் இதே ஊர்தானே. அப்பா பதிலே சொல்லமாட்டார், எழுந்து உள்ளே போய்விடுவார். கடையில் புகையிலையையும் வாசனைப் பாக்குச் சரத்தையும் தம்பி எடுத்துப்போட்டான். கொட்டைப்பாக்கை எடுக்கப் போனபோது அப்பா தடுத்தார், பூஜைக்குக் கேட்டு வருவார்கள், இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது என்றார். இதில் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். இப்போதைக்கு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் உண்டு, சீவலும் புகையிலையும் கிடையாது. புகையிலை கேட்டு வருகிறவர்களிடம் அப்பா ஒன்றும் சொல்வதில்லை, சட்டைக் காலரை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டுகிறார். சிலர் அடுத்த கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள். வியாபாரம் குறைந்ததாகத் தம்பி சொல்கிறான், இல்லையென்று அப்பா சொல்கிறார்.

இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும். அதைத் தாண்டிவிட்டோம். ஐந்து வருஷம் ஆகாமல் டாக்டர் வாயிலிருந்து 'குணமாகிவிட்டது' வராது, அதற்குள் சொந்தக்காரர்கள் பத்துத் தடவை சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் செக்கப். கழுத்தில் கரண்டு வைத்தவர்களுக்குத் தைராய்டு மெதுவாகக் குறையுமாம், அந்த ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யவேண்டும். பல் செட் கட்டலாமா என்று இந்தத் தடவை கேட்டே ஆகவேண்டும் என்கிறார், போன தடவை எலும்பு விஷயம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு இவ்வளவு அவசரம் என்றால், தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறோம், ஆவணியில் கல்யாணம், பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டே தீருவேன் என்கிறார். ரசத்தில் ஊறவைத்துக் கொடுத்தால் போச்சு என்கிறாள் அம்மா. அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்.